தட்பவெப்பமும் தைராய்டும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலத்தில் சித்திரை வெயில் யாவர்க்கும் ஒன்றே. ஆயினும் ஒருவர் அவ்வெயிலிலும் போர்வையை நாடுகின்றார். மற்றொருவர் மார்கழிப் பனியிலும் வியர்க்கின்றார். அவர்களை நாம் இகழ்தல் தகுமோ? நம் கழுத்தின் முன்புறத்தே அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பி இதற்குக் காரணமாதல் கூடும். அதன் சுரப்பாகிய தைராக்ஸினை அமெரிக்க அறிஞர் கெண்டல் 1914-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். அது குறையின் உடல் குளிரைப் பொறாது, தளரும், பருக்கும். மிகின் வெம்மையைப் பொறாது. நெஞ்சு படபடக்கும், மேனி மெலியும். இரத்தப் பரிசோதனை உண்மையைத் தெளிவாக்கும்.

சுரப்புக் குறைந்தோர், மருத்துவர் குறித்த மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, காப்பிக்கு அரைமணி நேரமேனும் பொறுத்தல் வேண்டும். சுகங்கண்டதும் தாமாகவே நிறுத்தலாகாது. அச்சுகம் மாத்திரையால் வந்ததே. மிகுந்தோர்க்கு மருந்து வேறு.

ஆகவே, தொழிற்சாலையிலும் வகுப்பிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் தோழரை நகையாது, மருத்துவரிடம் அனுப்புவோமாக.