உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சரிபாருங்கள்

ஃபாஸ்ட்ஏபிஐயில் இணையச் சேவைகள் எழுதும்போது நான் அதிக நேரம் செலவிடுவது தரவு மாடல்களுக்குத்தான். 2018இல் செபாஸ்டியான் ராமிரெஸ் வெளியிட்ட இந்தப் பைத்தான் ஃபிரேம்வொர்க், சரிபார்க்கும் பொறுப்பைப் பைடான்டிக் நூலகத்திடம் விட்டிருக்கிறது. ஃபீல்டுகளின் டைப்பை எழுதினால் போதும். பொருந்தாத ரிக்வெஸ்ட் நம் ஃபங்ஷனைத் தொடும் முன்பே 422 என்ற பிழைப் பதிலோடு திரும்பிவிடும். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்பவை இவை.

ஒரே மாடலை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். பயனரைப் பதிவுசெய்ய ஒன்று, திருத்த ஒன்று, காட்ட ஒன்று என்று பிரியுங்கள். பதிவு மாடலில் கடவுச்சொல் இருக்கும். காட்டும் மாடலில் அந்த ஃபீல்டே இருக்கக் கூடாது. அதை ரெஸ்பான்ஸ் மாடலாகக் குறிப்பிட்டால், அதில் இல்லாத ஃபீல்டுகளை ஃபாஸ்ட்ஏபிஐ வடிகட்டிவிடும். நாளை யாராவது தரவுத்தள டேபிளில் ரகசியமான நெடுவரிசை ஒன்றைச் சேர்த்தாலும் அது வெளியே போகாது.

பழைய தரவோடு சோதியுங்கள். நாம் அனுப்பும் பதில் ரெஸ்பான்ஸ் மாடலுக்குப் பொருந்தாவிட்டால் வருவது 422 அல்ல, 500. தவறு நம் பக்கம் என்று அதற்குப் பொருள். பல ஆண்டு ஓடிய டேபிளில் மின்னஞ்சல் காலியாக உள்ள வரிகள் கட்டாயம் இருக்கும். புது மாடலை ஏற்றும் முன் அந்த வரிகளை அதன்வழி ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

தாராளம் எங்கே, கண்டிப்பு எங்கே என்று முடிவுசெய்யுங்கள். எழுத்தாக வந்த "5"ஐ எண்ணாகவும், "yes" என்பதை உண்மை மதிப்பாகவும் பைடான்டிக் தானே மாற்றிக்கொள்ளும். முகவரியோடு சேர்ந்து வரும் குவரி மதிப்புகள் எல்லாம் எழுத்தாகத்தான் வரும் என்பதால் அங்கே இது தேவை. பணம் கைமாறும் இடத்தில் நான் ஸ்ட்ரிக்ட் முறையை வைக்கிறேன். தொகைக்கு ஃப்ளோட்டுக்குப் பதில் டெசிமல். அதேபோல், தெரியாத ஃபீல்டுகளைப் பைடான்டிக் ஓசையில்லாமல் ஒதுக்கிவிடும். தள்ளுபடி ஃபீல்டின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், ஆர்டர் முழு விலையில் பதிவாகும். எக்ஸ்ட்ரா அமைப்பை ஃபார்பிட் என்று வைத்தால் அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மனிதர்களை நினைத்து விதி எழுதுங்கள். தொலைபேசி எண்ணை எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் போய்விடும், எழுத்தாக வையுங்கள். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினால், இனிஷியலும் ஒரே பெயரும் கொண்ட தமிழர் எதை நிரப்புவார்? நீள வரம்பிலும் கவனம் தேவை. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் அதை ஐந்தாக எண்ணும். ஆங்கிலப் பெயர்களை வைத்து நிர்ணயித்த வரம்பு தமிழ்ப் பெயரைத் தடுத்துவிடலாம்.

பிழைச் செய்தியைப் படித்துப் பாருங்கள். 2023இல் வந்த பைடான்டிக் 2 முதல், பிழை விவரத்தில் அனுப்பப்பட்ட மதிப்பும் சேர்ந்தே வருகிறது. ஒரு ஃபீல்டு விடுபட்டால் அந்தப் பிழையோடு வருவது முழு உள்ளீடும்தான், கடவுச்சொல் உட்பட. அதை அப்படியே லாகில் எழுதினால் கடவுச்சொல்லும் அங்கே கிடக்கும். பிழையைக் கையாளும் ஹேண்ட்லரை நாமே எழுதி, எந்த ஃபீல்டு, என்ன குறை என்பதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் தரவின் வடிவத்தைத்தான் உறுதிசெய்யும். அந்த ஆர்டர் இந்தப் பயனருடையதுதானா, கையிருப்பு இருக்கிறதா என்பவற்றை மாடல் அறியாது. அந்தக் கேள்விகளைத் தனியே, தெளிவாக எழுதுங்கள். வடிவத்தைப் பற்றிய கவலை மாடலோடு முடிந்துவிட்டால், முழுக் கவனத்தையும் அவற்றுக்குக் கொடுக்க முடியும்.