மேஸ்திரி வருவதற்குள் ஓடி முடிக்க

வாரம் ஐந்து நாள் ஓடிக்கொண்டிருப்பவர், வீட்டில் கடப்பாரை விழுந்த பிறகும் அந்த ஐந்து நாளையே காப்பாற்றப் பார்ப்பார். ஒன்றிரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் கம்பி லோடு நேரங்கெட்ட நேரத்தில் வரும், பிளம்பர் வராமலே இருப்பார், ஐந்து மூன்றாகும், மூன்று பூஜ்யமாகும். கோவையில் ஐம்பதைத் தொடும் ஓட்டக்காரர்கள் பலருக்கு வீட்டு வேலை இப்படித்தான் முழங்கால் வலியைவிடப் பெரிய எதிரியாகிவிடுகிறது. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஓட்டத்தை நீங்களாகக் குறைத்துவிடுங்கள். எதைக் குறைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

முதல் படி: நாளைக் குறையுங்கள், கடுமையைக் குறைக்காதீர்கள்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹிக்சன் 1980-களின் முற்பகுதியில் சில சோதனைகள் செய்தார். வாரம் 6 நாள், தினம் 40 நிமிடம் என்று 10 வாரம் பழகியவர்களை அடுத்த 15 வாரங்களுக்கு 4 நாள், 2 நாள் என்று குறைத்துப் பார்த்தார். பயிற்சியின் கடுமை மாறாதவரை அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் திறன் இறங்கவில்லை. இன்னொரு சோதனையில் நேரத்தை 26, 13 நிமிடங்களாக வெட்டியபோதும் அது நின்றது. கடுமையைக் குறைத்தபோதுதான் சரிந்தது. சோதனைக்கு வந்தவர்கள் இளையவர்கள். நம் வயதுக்கு ஒரு நாள் கூட்டி, வாரம் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வது என் கணக்கு.

செவ்வாய்: பத்து நிமிடம் மெதுவோட்டம், பிறகு நான்கு நிமிட வேகம் நான்கு முறை, இடையில் இரண்டு நிமிட நடை. வியாழன்: அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஞாயிறு: ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி வரை நீள ஓட்டம். திங்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப்போன ஆட்கள் திங்கட்கிழமை வருவார்களா என்று வாசலைப் பார்த்து நிற்கும் நாள் அது. ஞாயிறு வேலை இல்லை, போனும் அடிக்காது.

இரண்டாம் படி: மேஸ்திரியின் நாள்காட்டியைக் கேட்டு வாங்குங்கள்

“ரெண்டு மாசத்துல முடிச்சுக் குடுத்தர்றனுங்க” என்பார். நான்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் ஆடி வருகிறதா, மார்கழி வருகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு மாதங்களிலும் நம் பக்கம் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே ஆனியிலும் கார்த்திகையிலும் வேலையை முடுக்குவார்கள். ராத்திரி லைட் போட்டும் டைல்ஸ் ஒட்டுவார்கள். கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷனுக்காக 2013 முதல் நடக்கும் கோவை மாரத்தான் இப்போது டிசம்பரில் வருகிறது. கார்த்திகையில் குடிபோக நினைப்பவர் அந்த ஆண்டு 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், 10 கிலோமீட்டர் போதும். மனைவியிடமோ கணவரிடமோ இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. மார்பிள் தேர்வு செய்யும் நாளில் நீள ஓட்டம் என்று கிளம்பினால், பேச்சு ஓட்டத்தைப் பற்றி மட்டும் இருக்காது.

மேஸ்திரியிடம் இன்னொன்றும் பேசுங்கள். சமையலறையையும் குளியலறையையும் ஒரே வாரத்தில் இடிக்கக் கூடாது. குளிக்க வழியில்லாத வீட்டில் எந்த ஓட்டக்காரரும் நீடிக்க மாட்டார். சமையலறை இல்லாத வாரங்களுக்கு மொட்டை மாடியில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வையுங்கள். வேகவைத்த முட்டை, பச்சைப்பயறு, நிலக்கடலை, நேந்திரம் பழம் இருந்தால் காலைக்குப் போதும். மூன்று வேளையும் பரோட்டா சால்னா என்று போனால் ஞாயிற்றுக்கிழமை வயிறே சொல்லிவிடும்.

மூன்றாம் படி: தண்ணி விட்டுவிட்டு ஓடுங்கள்

கொத்தனார் வர எட்டரை, ஒன்பது ஆகும். ஐந்தரைக்குக் கிளம்பினால் நேரம் தாராளம். இடையில் நிற்பது கான்கிரீட்டுக்குத் தண்ணி விடும் வேலை. இந்தியத் தர விதி 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது; இப்போது கடைகளில் அதிகம் விற்கும் பிபிசி வகைக்கும், வெயில் காலத்துக்கும் 10 நாள். 14 நாள் விட்டால் நல்லது. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கிவிட்டால் காலையில் ஒரு பார்வை போதும். சுவர்ப் பூச்சுக்கு அது நடக்காது, ஹோஸ் பிடித்தே ஆக வேண்டும். பிடித்து முடித்ததும் கிளம்புங்கள். குடத்தில் தூக்கி ஊற்றி முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு போர் தண்ணி போதும். ஆனால் குடிக்க நல்ல தண்ணி வரும் நாள் தனி. தெருவில் எப்போது திறந்துவிடுவார்கள் என்பதைப் பொறுத்து அன்றைய ஓட்டம் மறுநாளுக்குப் போகும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். மூன்று நாளில் எது தள்ளிப்போனாலும், அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கடுமையான ஓட்டங்கள் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மேல் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஓடாதீர்கள். கலவை மெஷின் வந்தால் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை நின்றபடியே இருப்பீர்கள். ஆட்களுக்குச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு.

நான்காம் படி: தூசியைக் கணக்கில் எடுங்கள்

இதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட்டை உலர்வாக அறுத்தால் கிளம்பும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் ஆழம் வரை போய் அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், தெருப்பக்கமாக உட்கார்ந்து அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கிறவருக்கு என்95 முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். உங்களுக்காவது அரை மணி நேரம், அவருக்கு அதுதான் நாள் முழுக்க. பழைய வீடானால் பெயின்ட் சுரண்டும்போது இன்னும் கவனம் வேண்டும். வீட்டு பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பட்டி பார்த்துத் தேய்க்கும் வாரத்திலும் வீட்டுக்குள் ஸ்கிப்பிங், தண்டால் எதுவும் வேண்டாம். மூச்சு வாங்கும் வேலையெல்லாம் வெளியில்தான்.

ஷூ, சாக்ஸ், துண்டு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு காரின் டிக்கியில் வையுங்கள். வேலை நடக்கும் இடத்தில் ஓட்ட ஷூவோடு நடக்காதீர்கள். சென்ட்ரிங் பிரித்த பலகையின் ஆணி மெத்தென்ற ஷூவின் அடியை எளிதில் துளைத்துவிடும். குத்தினால் டெட்டனஸ் ஊசி விஷயத்தை அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: இடத்தை மாற்றுங்கள்

வாடகை வீட்டுக்குப் போனவர்கள் புதுத் தெரு நாய்களோடு பழகுவதற்குள் வேலையே முடிந்துவிடும். சுற்றுப்பாதைக்குப் போய்விடுங்கள். ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். நான்கு சுற்றில் பத்து. மேஸ்திரி கூப்பிட்டால் எந்த இடத்திலிருந்தும் வண்டிக்குத் திரும்ப சில நிமிடம்தான். உக்கடம் பெரியகுளக் கரையும் வாலாங்குளக் கரையும் மெது ஓட்டத்துக்கு நல்லவை. வேக ஓட்டத்துக்கு நேரு ஸ்டேடியம். மேடேற ஆசைப்பட்டு மருதமலை அடிவாரம், தடாகம், சிறுவாணிச் சாலைப் பக்கம் இருட்டில் போகாதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடங்கள். ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் கரையும், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பிஏபி வாய்க்கால் கரையும் இருக்கின்றன. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். போகும்போது மேற்கே ஓடுங்கள்; களைத்துத் திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்கும்.

ஆறாம் படி: வீட்டு வேலையும் பயிற்சிதான்

நாளெல்லாம் படியேறி இறங்குவதும், ஆள் வராத அன்று டைல்ஸ் பெட்டியைத் தூக்கி வைப்பதும் காலுக்குத் தெரியாமல் போகாது. நாற்பதுக்கு மேல் முதலில் மக்கர் செய்வது கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும். பெட்டி தூக்கிய மறுநாள் வேக ஓட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். பூச்சு முடிந்த படிக்கட்டு ஒன்று கிடைத்தால் அதன் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள், பதினைந்து வீதம் மூன்று முறை, வாரம் இரண்டு நாள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், மாத்திரை எந்த அட்டைப்பெட்டிக்குள் போனது என்று தேடும் நிலைக்கு விடாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் என்றால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி.

இவ்வளவும் செய்தும் மூன்று வாரம் போய்விட்டதா? நன்கு பழகிய ஓட்டக்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும் வைத்து எட்வர்ட் காயில் குழுவினர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், 21 நாள் முழு ஓய்வுக்குப் பின் ஆக்சிஜன் திறன் 7 சதவீதம்தான் இறங்கியிருந்தது. திரும்பும்போது பழைய தூரத்தில் பாதி, விட்ட வாரங்களின் அளவுக்கு. வேகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பால் காய்ச்சும் வாரத்தில் வியாழன் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை முகூர்த்தம் என்றால் முதல் நாள் ராத்திரி தூக்கம் இருக்காது. மீதி இரண்டையும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு.