விழும் பல்லும் விழாத பல்லும்

"பல் போனால் சொல் போச்சு" என்று பாட்டிமார் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நன்னூல் இதனை இலக்கணமாகவே கூறுகிறது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும்போது 'த', 'ந' என்னும் எழுத்துகள் பிறக்கின்றன. மேற்பல் கீழுதட்டைத் தொடும்போது 'வ' பிறக்கிறது. நம் பள்ளியின் இரண்டாம் வகுப்புத் தங்கைகள் காலை வழிபாட்டில் "வாழ்க" என்று பாடும்போது பாதி காற்றாக வருவது இதனால்தான். மேல் முன்பற்கள் இரண்டும் போய்விட்ட வாயில் 'வ' எங்கே பிறக்கும்? நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சின்ன வாயில் பாலப்பருவத்துப் பற்களும் முதுமை வரை இருக்க வேண்டிய பற்களும் ஒரே சமயத்தில் குடியிருக்கின்றன. எது எது என்று நமக்கே தெரியுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பால்பற்கள் 20. நிலைப்பற்கள் 32. தாடையின் ஒரு பாதியில் பால்பற்கள் வெட்டுப்பல் 2, கோரைப்பல் 1, கடைவாய்ப்பல் 2 என 5 இருக்கும். நிலைப்பற்களோ வெட்டுப்பல் 2, கோரைப்பல் 1, முன்கடைவாய்ப்பல் 2, பின்கடைவாய்ப்பல் 3 என 8. பால்பற்களில் முன்கடைவாய்ப்பல் என்ற இனமே கிடையாது. பால் கடைவாய்ப்பற்கள் விழுந்த இடத்தில்தான் அவை முளைக்கின்றன. அப்படியானால் நிலையான பின்கடைவாய்ப்பற்கள் எந்தப் பல் விழுந்த இடத்தில் வருகின்றன? எந்தப் பல்லும் விழுவதில்லை. அவை பால்பல் வரிசைக்குப் பின்னால் புது இடத்தில் முளைக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நிறத்தில் பால்பல் பெயருக்கேற்றபடி பால் வெள்ளை, சற்று நீலம் கலந்தாற்போல. நிலைப்பல் இலேசான மஞ்சள். ஏழு வயதுக் குழந்தையின் வாயில் இரண்டும் அருகருகே நிற்கும்போது, "சரியாகப் பல் தேய்ப்பதில்லை" என்று புதுப் பல்லுக்குத் திட்டு விழுகிறது. பாவம், அந்தப் பல்லின் இயல்பே அதுதான். அதன் எனாமல் ஒளியைச் சற்று ஊடுருவ விடுவதால் உள்ளே இருக்கும் டென்டைனின் மஞ்சள் வெளியே தெரிகிறது. புதிதாக வந்த வெட்டுப்பல்லின் ஓரத்தில் மூன்று சிறு மேடுகளும் இருக்கும். மேலும் கீழும் கடித்துக் கடித்து அவை தேய்ந்துவிடும்.

உண்மையான வேறுபாடு உள்ளே இருக்கிறது. பல்லை நெடுக வெட்டிப் பார்த்தால் வெளியே எனாமல், அதற்குள் டென்டைன், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ். இந்த மூன்றும் இருவகைப் பற்களுக்கும் பொது. ஆனால் பால்பல்லின் எனாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். நிலையான கடைவாய்ப்பல்லில் அது 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். டென்டைனும் பால்பல்லில் மெல்லியது. பற்கூழ் அறையோ, பல்லின் அளவுக்குப் பெரியது. அதன் கொம்புகள் மேற்பரப்பை நோக்கி நீண்டு நிற்கின்றன. மெல்லிய சுவர் வைத்துப் பெரிய கூடம் கட்டிய வீடு பால்பல். தடித்த சுவர் வைத்துச் சிறிய அறை கட்டிய வீடு நிலைப்பல். திருடன் எந்த வீட்டில் எளிதாக நுழைவான் என்று சொல்லவேண்டியதில்லை. பால்பல்லில் ஒரு கரும்புள்ளியாகத் தொடங்கிய சொத்தை சில மாதங்களிலேயே பற்கூழைத் தொட்டுவிடுகிறது. அப்போதுதான் நடு இரவில் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனித அப்போலோனியாவை நம் திருச்சபை பிப்ரவரி 9 ஆம் நாள் நினைவுகூர்கிறது. 249 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் விசுவாசத்திற்காகப் பற்கள் உடைக்கப்பட்டு உயிர் நீத்தவர் அவர். வேண்டுதலோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

"விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம்?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். இதற்கு விடை வேரில் இருக்கிறது.

பால் கடைவாய்ப்பல்லின் வேர்கள் மெலிந்து, இடுக்கியின் கால்களைப் போல அகன்று நிற்கும். ஏன் அகல வேண்டும்? அந்தக் கால்களுக்கு நடுவில்தான் பிற்காலத்து முன்கடைவாய்ப்பல்லின் குருத்து வளர்கிறது. லஸ் முனையிலும் பனகல் பூங்கா அருகிலும் மேலே பழைய கட்டடங்கள் இருக்க, அடியில் மெட்ரோ சுரங்கம் குடைந்ததை நாம் அறிவோம். இதுவும் அப்படித்தான். மேலே பால்பல் இட்லியை மென்றுகொண்டிருக்க, கீழே புதுப்பல் சத்தமின்றி உருவாகிறது. மேலுள்ள பல் சொத்தையாகிச் சீழ் வைத்தால் அந்தச் சீழ் இறங்குவது குருத்தின் தலைமேல். பின்னால் வரும் நிலைப்பல் எனாமல் குறைந்து, பழுப்புத் தழும்போடு முளைக்கக்கூடும்.

குருத்து மேலேறி வரும்போது பால்பல்லின் வேரைச் சில சிறப்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. வேர் கரைந்த பல் ஆடுகிறது. ஒருநாள் கையோடு வந்துவிடுகிறது. விழுந்த பால்பல்லைப் பார்த்தால் அடியில் வேரே இருக்காது. "வேர் உள்ளே முறிந்து தங்கிவிட்டதோ?" என்று சில அம்மாக்கள் பயப்படுவதுண்டு. பயம் வேண்டாம். அந்தப் பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டுக் கூரைமேல் எறிவது நம் ஊர் வழக்கம். மயிலாப்பூர் மாட வீதிகளில் ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாக மாறிய பிறகு எறிந்தால் பக்கத்து வீட்டுப் பால்கனியில்தான் விழும்!

தி. நகர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பால்பல்லும் அப்படி ஒரு கைக்குட்டைதான். பால் கடைவாய்ப்பற்கள் தமக்குப்பின் வரும் முன்கடைவாய்ப்பற்களைவிட அகலமானவை. ஆகவே கோரைப்பல்லிலிருந்து கணக்கிட்டால், மேல் தாடையில் ஒவ்வொரு பக்கமும் சராசரியாக 0.9 மில்லிமீட்டரும் கீழ்த் தாடையில் 1.7 மில்லிமீட்டரும் இடம் மிஞ்சுகிறது. முன்பற்களில் கதை நேர்மாறு: சிறிய பல் போய்ப் பெரிய பல் வருகிறது. அதனால் நான்கு ஐந்து வயதுக் குழந்தையின் முன்பற்களுக்கு இடையே சந்து இருந்தால் அழகு குறைந்ததாக எண்ண வேண்டாம். அந்த இடம் பிறகு தேவைப்படும். இந்தக் கணக்கெல்லாம் பால்பல் தன் காலம் வரை இருந்தால்தான் சரிவரும். பத்து பதினொரு வயது வரை இருக்க வேண்டிய கடைவாய்ப்பல்லை ஆறு வயதிலேயே பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பற்கள் காலியிடத்தில் சாய்ந்துகொள்கின்றன. கைக்குட்டையை எடுத்துவிட்டால் இடம் போகாமல் என்ன செய்யும்? வருகிற பல் கோணலாகவோ, வரிசைக்கு வெளியிலோ முளைக்கும், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தவிர்க்க முடியாமல் பிடுங்க நேர்ந்தால், அந்த இடத்தைக் காக்கக் கம்பி வளையம் ஒன்றைப் பல் மருத்துவர் பொருத்துவதுண்டு.

முன்பே நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், முதல் பின்கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாததால் வீட்டில் யாருக்கும் இது வந்ததே தெரிவதில்லை. தெரிந்தாலும், "ஆறு வயதுதானே, இதுவும் பால்பல்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள். முறுக்குத் துணுக்கும் மிட்டாயும் அங்கேதான் ஒட்டுகின்றன. சொத்தையாகிப் போனபின், "போகட்டும், வேறு முளைக்கும்" என்று காத்திருக்கிறார்கள். வேறு முளைக்காது. மெல்லும் வேலையில் பெரும்பங்கு ஏற்பதும் மற்றப் பற்களுக்கு வரிசை காட்டுவதும் இந்தப் பல்தான். எங்கள் வகுப்பிலேயே இந்தப் பல்லை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர்களுக்கு ஓர் எளிய வழி: குழந்தையின் வாயின் ஒரு பக்கத்தில், நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து வரை பால்பல்லாக இருக்கலாம். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிலைப்பல். பள்ளங்களைப் பூசி அடைக்கும் எளிய சிகிச்சை உண்டு; வலியில்லாதது.

இந்த ஆறு வயதுப் பல்லுக்கு ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1833 ஆம் ஆண்டுச் சட்டப்படி 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது. ஆனால் பிறப்புச் சான்று இல்லாத ஏழைப் பிள்ளையின் வயதை எப்படி அறிவது? எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் 1837 இல் தொழிற்சாலைப் பிள்ளைகளின் பற்களை ஆராய்ந்து, முளைத்த பற்களைக் கொண்டே வயதை மதிப்பிடலாம் என நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார். வயதைக் கூட்டிச் சொன்னாலும் பல் பொய் சொல்லாது என்பது அவர் எண்ணம். நம் நாட்டில் 1881 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குட்பட்டோரைத்தான் விலக்கியது. ஏழு வயது என்றால் முன்பல் விழுந்து "வாழ்க" சொல்லத் திணறும் வயது. அந்த வயதில் ஆலைக்குள்!

பற்கள் எப்போது உருவாகின்றன என்பதிலும் இருவகைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பால்பற்கள் தாயின் வயிற்றில் நான்காம் மாதத்திலேயே கடினமாகத் தொடங்குகின்றன. குழந்தை பிறக்கும்போது ஏற்படும் மாறுதல் எனாமலில் மிக நுண்ணிய கோடாகப் பதிந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் அதைக் காணலாம். பிறந்த நாளைப் பல்லில் எழுதி வைத்தாற்போல! நிலைப்பற்களின் எனாமலோ பெரும்பாலும் பிறந்த பிறகே உருவாகிறது. ஞானப்பல் நீங்கலாக மற்றவற்றின் தலைப்பகுதி எட்டு வயதுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். எனவே சிறுவயதில் நாம் குடிக்கும் நீர் நிலைப்பல்லில் எழுதப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரம். அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஏழு எட்டு வயதில் புதுப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனெனில் அது எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. பால்பற்களில் இக்கறை பெரும்பாலும் குறைவு. இதனைத் தடுக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளையைப் பார்த்து, "பல் தேய்க்க மாட்டாயா?" என்று கேட்பவர்கள் இதனை அறிய வேண்டும்.

விளையாட்டுத் திடலில் விழுந்து பல் முழுதாக வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? இதிலும் இரண்டுக்கும் விதி வேறு. நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் இலேசாக அலசி, உடனே அதே குழியில் பொருத்தலாம். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓட வேண்டும். பல் பிழைக்க வழியுண்டு. கைக்குட்டையில் சுற்றி உலரவிட்டால் பயனில்லை. பால்பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது. கீழே இருக்கும் குருத்துக்குக் காயம் படும். மருத்துவரிடம் காட்டினால் போதும்.

மற்றவை நமக்குத் தெரிந்தவைதாம். சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவிட்டால் மேல் முன்பற்கள் முதலில் அழியும். ஏழு எட்டு வயது வரை குழந்தைக்குத் தானாகச் சரியாகப் பல் தேய்க்க வராது. நாம் கூட நின்று தேய்த்துவிட வேண்டும். செலவுக்கு அஞ்சுவோர், 1953 இல் தொடங்கிய நம் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் பற்களுக்கெனத் தனிப் பிரிவு இருப்பதை நினைவில் கொள்க.

பதினைந்து வயதான எங்களில் பெரும்பாலோருக்கு இப்போது 28 பற்கள். மீதி நான்கும் ஞானப்பற்கள்; 17 வயதுக்கு மேல்தான் வெளியே வரும். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை, சிலருக்கு இடமின்றித் தாடைக்குள் படுத்துக்கொள்ளும். நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவற்றின் தலைப்பகுதி எங்கள் தாடைக்குள் கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. வேர் இன்னும் போடவில்லை.