சுவர் முதலில் காயட்டும்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் எங்கள் தாத்தா காலத்து வீட்டைச் சரிசெய்து நாங்கள் குடிவந்த பிறகு, பழைய வீடு வைத்திருக்கும் பலர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது செலவைத்தான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது: “உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?” இதற்குப் பதில் தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் பணம் சுவரோடு சேர்ந்து உதிரும்.

1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு எழுந்த ஊரில் தமிழர் தெருக்களுக்கென்று ஒரு கலப்புப் பாணி உருவானது. கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று முழுத் தமிழ் வீடு; மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணியில் சுவரோடு ஒட்டிய தூண்கள், வளைவுகள், மரப்பட்டிகளைச் சாய்த்து அடித்த ஜன்னல்கள். வைசியாள் வீதிக்குப் போனால் இந்த அழகை வரிசையாகப் பார்க்கலாம். அந்தத் தெருவைப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வேலை தொடங்குமுன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். முகப்பில் கை வைக்குமுன் நகரமைப்பு அனுமதியையும் வாங்கிவிடுங்கள்.

ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை வீட்டுக்குள் இருந்து பார்த்த பிறகுதான் நாங்கள் வேலையை ஆரம்பித்தோம். ஒவ்வொரு மழைக்கும் சுவரில் ஈரம் எதுவரை ஏறுகிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்தோம். கூடத்துச் சுவர்களில் முன்பு இடுப்பளவு ஓதம் இருந்திருக்கிறது. அப்போது வேலை செய்த ஒருவர் அதை மறைக்க மார்பளவுக்குச் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். ஈரம் அந்தப் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, அது முடிகிற இடத்துக்கு மேலே சுண்ணாம்பைப் பொரிய வைத்திருந்தது.

சுண்ணாம்பு வேலையில் ஊறிய ஒரு பெரியவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, சுவத்துக்கு ரெயின்கோட்டு மாட்டி வச்சிருக்கு. உள்ள வேர்க்குமா, வேர்க்காதா?”

அதுதான் விஷயம். அந்தக் காலத்துச் சுவர்களில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு கிடையாது. செங்கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். கணக்கு சரியாக இருந்தது. சிமென்ட் பூசியதும், பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ட் அடித்ததும் ஆவி போகிற வழி அடைபட்டது. கடலோர ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சிமென்டைக் கொத்தி எடுத்தபோது உள்ளே செங்கல் விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது.

கொத்தியதும் பூசிவிடக் கூடாது. சுவர் மாதக்கணக்கில் காய வேண்டும். வெளியே பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, குப்பையை அள்ளிக் கொட்ட வேண்டும். இதற்கிடையில் வாசலையும் பாருங்கள். சாலை போடப் போடத் தெரு உயர்ந்து, எங்கள் வீட்டுத் தரையே தாழ்ந்து போயிருந்தது. சுவரை ஒட்டிக் குவிந்திருந்த மண்ணை இறக்கி, மழைநீருக்கு வாட்டம் கொடுத்ததிலேயே பாதி ஓதம் இறங்கிவிட்டது. பெரிய மருந்து எதுவும் அடிக்கவில்லை.

பிறகு சுண்ணாம்பு. நீற்றும்போது தொட்டியில் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வேலையாட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்தார் மேஸ்திரி. கரணையைக் கவிழ்த்துப் பிடித்து, சாந்து விழாமல் ஒட்டி நின்றால்தான் பூச விடுவார். இந்தப் பூச்சு காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதனால் வெயில் நேராகப் படாமல் ஈரச்சாக்கு கட்டிக் காத்தோம். அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் இந்தச் சுவருக்கு இதைவிட நல்ல பூச்சு இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்த தளம். ஒழுகுகிறதென்றால் உடனே “மேலே ஒரு கான்கிரீட் போட்டுடலாம் சார்” என்பார்கள். நான்கு அங்குல கான்கிரீட் சதுர அடிக்கு 20 கிலோவுக்கு மேல் எடை. ஏற்கெனவே முனை இற்றுப்போன சட்டத்தின் தலையில் அதை ஏற்றுவது ஆபத்து. சட்டம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரம் தங்கி உளுத்துப் போகும். அந்த இடத்தில் உளியால் குத்திப் பாருங்கள். எங்கள் ஆசாரி உளுத்த முனையை மட்டும் வெட்டி, பழைய தேக்கிலேயே துண்டு சேர்த்து ஒட்டுப்போட்டார். அந்தத் துண்டு எங்கள் பின்கட்டில் கழற்றிய கதவு நிலையிலிருந்து வந்தது. எனவே வேலை முடியும்வரை எந்தக் கதவையும் சட்டத்தையும் பழைய மரக்கடைக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

நவீன வசதிகளுக்கு ஒரே விதி வைத்துக்கொண்டோம்: நாளை கழற்றினால் வீடு பழையபடி இருக்க வேண்டும். வயரிங்கைச் சுவரைக் குடையாமல் மேலோட்டமாகக் குழாயில் கொண்டுபோனோம். குளியலறைகளைப் பின்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம்; மரத்தளத்தின் மீது கழிப்பறை வைக்கவே கூடாது. ஏசி ஒரே அறையில்தான்.

முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடச் சொன்னவர்கள் அதிகம். நான் சம்மதிக்கவில்லை. சூடான காற்று மேலே போவதும், தாழ்வாரத்து வழியாகத் தெருக்காற்று உள்ளே வருவதும் அந்தத் திறப்பால்தான். மூடிவிட்டு ஏசிக்கு மின்கட்டணம் கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. எலி, பூனைக்குக் கம்பிவலை போதும்.

குடிவந்த பிறகும் வேலை இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் ஒருநாள் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் போகும் துளைகளில் அடைத்த சருகை எடுங்கள். தட்டோட்டில் கீறல் கண்ட இடத்தில் சுண்ணாம்புச் சாந்தை வைத்து அழுத்துங்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். இரண்டு இலையில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கொத்தனார் இல்லாமல் எடுக்க முடியாது.