கடன் பாக்கியோடு கிளியரன்ஸ் கேட்பவருக்கு

கடன் இருந்தால், அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்காது என்று அமெரிக்காவில் நம்மவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி, நல்ல வேலைக்கு விண்ணப்பிக்காமலே ஒதுங்கிப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். வர்ஜீனியாவில் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தனை டாலருக்கு மேல் கடன் என்றால் கிடையாது என்று எந்த விதியும் இல்லை.

கிளியரன்ஸுக்கு நிரப்ப வேண்டிய எஸ்.எஃப்-86 படிவத்தின் 26-வது பிரிவு முழுக்கப் பண விவகாரம். கடந்த 7 ஆண்டுகளில் திவால் மனு, கட்டாத வரி, 120 நாளுக்கு மேல் நின்றுபோன தவணை, வசூல் ஏஜென்சிக்குப் போன பாக்கி எல்லாவற்றையும் கேட்பார்கள். கடனில் மூழ்கியவரை அந்நிய உளவாளிகள் எளிதில் விலைக்கு வாங்கலாம் என்பது ஒரு காரணம். 1994-ல் பிடிபட்ட சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் காசுக்காகத்தான் சோவியத்துக்கு ரகசியம் விற்றார். இன்னொரு காரணமும் உண்டு. கொடுத்த வாக்கையும் சட்டத்தையும் மதிக்கிறவரா என்றும் பார்க்கிறார்கள். அதனால்தான் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவரை, கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவரைவிடக் கடுமையாக எடைபோடுகிறார்கள். இது நியாயம் என்றே நினைக்கிறேன்.

நான் கிளியரன்ஸுக்கு விண்ணப்பித்தபோது, என் மனைவியின் அறுவை சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் ஒரு பகுதியைத் தர மறுத்து, அந்த பில் வசூல் ஏஜென்சிக்குப் போயிருந்தது. விசாரணை அதிகாரி என் கிரெடிட் ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு கணக்காகப் பேனாவால் தொட்டுக் கேட்டார். எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? இன்ஷூரன்ஸ் மறுத்த கடிதம், தவணை ஒப்பந்தம், மாதாமாதம் கட்டிய ரசீது எல்லாம் தேதிவாரியாக ஃபைலில் இருந்தன. வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பாக்கி முழுதும் தீராமலே கிளியரன்ஸ் வந்தது.

கிளியரன்ஸ் தருவதை முடிவு செய்ய 2017 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறிகளில் இதற்கு இடம் இருக்கிறது. வேலை போனது, நோய், விவாகரத்து போல நம் கையில் இல்லாத காரணத்தால் கடன் வந்து, அதன் பிறகு பொறுப்போடு நடந்துகொண்டால் அது சாதகம். கடன் ஆலோசகரிடம் போனதும், நல்லெண்ணத்தோடு கட்டத் தொடங்கியதும் சாதகமே. ஆனால் எப்போது தொடங்கினீர்கள் என்பது முக்கியம். மறுப்புக்கான காரணங்களைப் பட்டியலிட்டு நோட்டீஸ் வந்த பிறகு அவசரமாகக் கட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு. பழைய கடன், கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து தானாக மறைந்துவிட்டாலும், அதைத் தீர்த்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறைக்க மட்டும் நினைக்காதீர்கள். கடனை மன்னிப்பவர்கள் பொய்யை மன்னிப்பது அரிது. தெரிந்தே பொய் எழுதுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட. கிளியரன்ஸ் வந்த பிறகும் கண்காணிப்பு ஓயாது; தொடர் சோதனையில் புதுப் பாக்கியும் தெரிந்துவிடும். தவணை நின்றால் அலுவலகப் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

படிவத்தில் கைவைக்கும் முன் எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள், இலவசமாகவே கிடைக்கும். பாக்கி எதுவும் தெரிந்தால் அன்றைக்கே கடன் கொடுத்தவருக்கு எழுதி, பதிலை வாங்கி ஃபைலில் வையுங்கள்.