வேலை போன பிறகு வரும் பணம்

கேள்வி: பல வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த கம்பெனியில் போன மாதம் என்னை நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாத நாளுக்கும் இ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நிஜமா? இது எங்கே ஆரம்பித்தது?
— ஒரு வாசகர், விம்கோ நகர்

பதில்: அண்ணன் சொன்னது நிஜம். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தின் பலன்.

வேலையிழப்புக் காப்பீட்டை முதலில் தேசிய அளவில் கட்டாயமாக்கியது பிரிட்டன், 1911இல். கப்பல் கட்டுதல், கட்டட வேலை மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள தொழில்களுக்கு மட்டும். வாரம் 7 ஷில்லிங், 15 வாரம் வரை.

நம் வடசென்னையில் இதன் வேர் துறைமுகத்தில் இருக்கிறது. கப்பல் வந்தால் நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். வராத நாளில் யாரும் வேண்டாம். கூலிக்காரர் வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். 1948இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த வாரியத்தில் பதிவு பெற்றவர், வேலைக்கு வந்து நின்று வேலை கிடைக்காமல் போனாலும் வருகைப்படி வாங்கினார். ராயபுரத்துக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இ.எஸ்.ஐ. சட்டமும் அதே 1948தான். 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. நோய், பிரசவம், வேலையில் காயம் எல்லாம் அதில் இருந்தன. வேலை போவது மட்டும் இல்லை. 1996இல் பெரம்பூர் பின்னி ஆலை மூடியபோதும் அந்த வழி திறக்கவில்லை. ஆலை மூடல், ஆட்குறைப்புக்கு ராஜீவ் காந்தி திட்டம் வந்தது 2005 ஏப்ரலில். அரை நூற்றாண்டுத் தாமதம், மன்னிக்க முடியாதது.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது 2018 ஜூலையில் வந்த அடல் திட்டம். முதலில் தினச் சம்பளத்தில் கால் பங்குதான் தந்தார்கள். கொரோனா காலத்தில் பாதியாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் 90 நாள் வரை. மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 250 ரூபாய், மொத்தம் 22,500. அந்தச் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற கட்டத்தில் 113 ரூபாய் பிடித்திருப்பார்கள். முதலாளி பங்கு 488.

வேலை போய் 30 நாள் ஆன பிறகு, இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை. ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் வேண்டும். கடைசி இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடைக்காது. கெடு வைத்து நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போதைய நிலவரத்தைக் கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தமிழக அரசு தரும் உதவித்தொகை வேறு. அது பதிவு செய்துவிட்டு ஐந்து வருடமாகக் காத்திருப்பவர்களுக்கு.

ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் இ.எஸ்.ஐ.யில் புது ஐ.பி. நம்பர், அதாவது காப்பீட்டு எண், போட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே நம்பர்தான். பழைய சந்தா நாள்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டு நம்பர் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.