பொன்னின்றிப் பொலியும் பொன்வண்ணம்

நுழையும்முன்

மரத்தில் செதுக்கிய மயிலொன்று பொன்னில் வார்த்ததுபோல் ஒளிர்கிறது. எட்டி நின்றால் பொன்; தொட்டுப் பார்த்தால் மரம். கண்ணுக்குப் பொன்னாகவும் கைக்கு மரமாகவும் அமையும் இம்மாற்றம் மந்திரத்தால் நிகழ்வதன்று. ஒளியின் இயல்பை உணர்ந்த கலைஞரின் உழைப்பால் நிகழ்வது. சிற்றுருவங்களுக்கும் கட்டட மாதிரிகளுக்கும் பொன், பித்தளைத் தோற்றம் அளிக்கும் கலையை இப்பாடம் விளக்குகிறது.

பச்சைமலை அடிவாரத்தில்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் அரும்பாவூர். உளியும் கொட்டாப்புளியும் ஒலிக்கும் இவ்வூரின் மரச்சிற்பங்கள் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களைக் கொண்டு, ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் உருவத்தைச் செதுக்குவது இச்சிற்பங்களின் தனிச்சிறப்பு.

மரச்சிற்பத்திற்கு மரத்தின் நிறமே அழகு. ஆயினும் கோயில் வாகனங்களுக்குப் பொன்தோற்றம் அளிக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. சில வாகனங்கள்மீது பித்தளைத் தகடு போர்த்துவர். செம்புத் தகட்டின்மேல் பொன்முலாம் பூசுவதும் உண்டு. பொருள்வசதி குறைந்த இடங்களில் வண்ணமே பொன்னின் பணியைச் செய்கிறது. வீட்டுக் கொலுவில் வைக்கும் கையளவு வாகனத்திற்கும் வண்ணமே துணை.

உலோகம் ஒளிரும் விதம்

மஞ்சள் நிறம் பூசினால் ஒரு பொருள் பொன்னாகிவிடாது. எலுமிச்சம்பழமும் மஞ்சள்தான், அதனைக் கண்டு எவரும் பொன்னென மயங்குவதில்லை. பளபளப்பான பழத்தோலின்மீது வெயில் படும்போது தோன்றும் ஒளிப்புள்ளி வெண்மையாக இருக்கும். பொன்னின்மீது தோன்றும் ஒளிப்புள்ளியோ பொன்னிறமாகவே இருக்கும். பொன், ஒளியிலுள்ள நீலப்பகுதியைப் பெரிதும் உள்வாங்கிக்கொண்டு ஏனைய நிறங்களைத் திருப்பி அனுப்புவதே இதற்குக் காரணம். ஆகவே, பொன்னைத் தீட்டுவோர் அதன் மிகுவொளியைத் தூய வெள்ளையால் காட்டாமல் வெளிர்மஞ்சளால் காட்டுவர்.

நிழலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. பொன்னணியின் இடுக்குகளில் ஒளி பலமுறை பட்டுத் திரும்புவதால் அங்கு நிறம் செறிந்து செம்மை கூடும். எனவே பொன்னின் நிழல் கருமையன்று, செம்பழுப்பு.

பித்தளையின் நிலை வேறு. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை காற்றுப்பட்டு மங்கும். புளியிட்டுத் துலக்கிய குத்துவிளக்கைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். கைபடும் தண்டும் விளிம்புகளும் பளிச்சிடும். துலக்க இயலாத இடுக்குகளில் பச்சை கலந்த பழுப்பு படிந்திருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்தவரே பொன்னைப் பொன்னாகவும் பித்தளையைப் பித்தளையாகவும் தீட்ட வல்லவர்.

> தெரிந்து தெளிவோம்
> சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் பொற்கடை வீதியைக் காட்டுகிறது. ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் எனப் பொன்னின் நான்கு வகைகளை அது குறிப்பிடுகிறது. பொன்னிறம் ஒன்றன்று என்பதைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர்.

அடிவண்ணமே அடித்தளம்

பொன்வண்ணம் பூசுவதில் பாதி வேலை பொன்வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஈரம் உலர்ந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, நுண்துளைகளை அடைத்து, மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும். மரத்தின் சிறு பிசிறும் ஒளியைச் சிதறடிக்கும். ஒளி சிதறினால் உலோகத்தோற்றம் கெடும்.

அடுத்தது அடிவண்ணம். பொன்னுக்குச் செங்காவியும் பித்தளைக்கு அடர்பழுப்பும் பொருந்தும். ஐரோப்பியக் கலைஞரும் பொன்னிலை ஒட்டுமுன் செம்மண் பூச்சு இடுவர். ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பரப்புக்கு விரியுமாறு மெல்லிலையாகத் தட்டலாம். அவ்வளவு மெல்லிய இலையின் நிறத்திற்குச் செம்மண் வெதுவெதுப்பைத் தருகிறது.

கடையில் விற்கும் பொன்வண்ணத்தில் பெரும்பாலும் பொன் இருப்பதில்லை. செம்பும் துத்தநாகமும் கலந்த நுண்செதில்களே அதில் மிதக்கின்றன. நின்ற வண்ணத்தில் அவை அடியில் தங்கிவிடும். ஆதலால் நன்கு கலக்கிய பின்னரே தூரிகையை நனைக்க வேண்டும். செதில்கள் மேற்பரப்போடு படிந்து கிடந்தால் சிறு கண்ணாடிகள்போல் ஒளிரும். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் அவை தாறுமாறாக நின்று ஒளி மங்கும். மெல்லிய பூச்சாகப் பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசுவதே முறை. அதன்பின் நீர்த்த பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, மேடுகளில் படிந்ததைத் துணியால் துடைத்தெடுத்தால் செதுக்கு வேலை உயிர்பெற்று எழும்.

அளவு சுருங்கினால்

அரியலூர் மாவட்டத்தின் பெருமை, முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. அதனை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்தால் உயரம் 55 செ.மீ. ஆகும். அதன் உச்சியிலுள்ள கலசத்திற்குப் பூசும் வண்ணத்தில் 0.1 மி.மீ. அகலமுள்ள செதில் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உண்மை அளவில் அது ஒரு செ.மீ. அகலமுள்ள துண்டுக்கு நிகர்! கலசம் வார்ப்பு உலோகமாகத் தோன்றாது. மின்னும் மணல் ஒட்டியதுபோல் தோன்றும். கோயில் சுருங்கியது; செதில் சுருங்கவில்லை. எனவே உருவம் சிறுக்கச் சிறுக்கச் செதிலும் நுண்மையாக வேண்டும்.

செதிலையே விலக்கிய வழியும் ஒன்று உண்டு. பழுப்பு, காவி, மஞ்சள், வெளிர்மஞ்சள் என்னும் சாதாரண வண்ணங்களை, ஒளியும் இருளும் அடுத்தடுத்து நிற்குமாறு தீட்டுவதே அவ்வழி. 1435இல் இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி, ஓவியத்தில் பொன்னையே ஒட்டுவதைவிடப் பொன்னின் ஒளியை வண்ணங்களால் காட்டுவதே மேலான திறன் என்று கருதினார். பொருளின் விலையைவிடக் கலைஞனின் திறன் உயர்ந்தது என்பது இதன் உட்கருத்து.

காலம் தரும் சோதனை

உண்மைப் பொன் மங்குவதில்லை; பித்தளைச் செதில் மங்கும். காற்றும் ஈரமும் பட்டு அது பழுப்பாகிப் பின் பச்சை படரும். மேலே தெளிந்த வார்னிஷ் பூசினால் இம்மாற்றம் தாமதமாகும். இரும்பு ஆக்சைடு பூசிய அபிரகச் செதில்கள் கலந்த வண்ணம் இவ்வாறு கறுப்பதில்லை. ஆனால் உலோகத்தின் கூரிய ஒளியைவிட முத்தின் மென்னொளியே அதில் மிகுந்து தோன்றும். எதைப் பெற எதை இழப்பது என்று தேர்வது கலைஞரின் பொறுப்பு.

அதனினும் பெரிய பொறுப்பும் ஒன்றுண்டு. தடித்த பொன்வண்ணம், பல நாள் உழைத்துச் செதுக்கிய இறகின் கோடுகளை ஒரு பொழுதில் மூடிவிடும். உளியின் உழைப்பைத் தூரிகை விழுங்கலாகாது, விளக்க வேண்டும்.

உரைகல்

பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்துப் பொன்னின் மாற்று அறிவர். வண்ணம் பூசிய மரம் அக்கல்லில் தோற்கும், தோற்பதில் இழிவில்லை. மரத்தைப் பொன்னென்று சொல்லி விற்பது வஞ்சகம். மரமென்று சொல்லிப் பொன்னாகக் காட்டுவது கலை. கலைக்குரிய உரைகல், உற்றுநோக்கிய கண்ணும் பொறுமை மிக்க கையும் ஆகும். அவ்வுரைகல்லில் நல்ல கலைஞரின் மாற்று என்றும் குறைவதில்லை.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலுள்ள பித்தளை விளக்கைத் துலக்கும் முன்பும் பின்பும் நோக்கி, ஒளிரும் இடங்களையும் மங்கிய இடங்களையும் பட்டியலிடுக.
2. 'போலச்செய்தல் ஏமாற்றுதல் ஆகுமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் பகுதியிலுள்ள கைவினைஞர் ஒருவரின் கருவிகளுக்கும் செயல்முறைகளுக்கும் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுக்க.